பந்து வைத்திருப்பவர் தலையைத் தூக்கும் நேரம்

கால்பந்து விமர்சனத்தில் எனக்குப் பெரிய தலைவலியாக இருக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று 'தைரியம்', இன்னொன்று 'தற்கொலை'. பின்வரிசையை மையக்கோடு வரை ஏற்றி நிறுத்தும் அணி ஜெயித்தால் முதல் சொல், தோற்றால் இரண்டாவது. அதே அணி அடுத்த வாரம் தன் பெனால்டி பாக்ஸைச் சுற்றிப் பத்துப் பேரை நிறுத்தி ஜெயித்தால் 'கட்டுக்கோப்பு', தோற்றால் 'கோழைத்தனம்'. ஸ்கோர் தெரிந்த பிறகு ஒட்டுகிற லேபிள் இது. விமர்சனம்னு சொல்ல இதுல ஒண்ணும் இல்லை.

ஒரு அணியின் பின்வரிசை எத்தனை மீட்டர் மேலே நிற்கிறது என்பதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு சரி, தப்பு சொல்ல முடியாது என்பது என் கட்சி. எதிரணியில் பந்து யார் காலில் இருக்கிறதோ, அவருக்குத் தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பேசவே முடியும். பயிற்சியாளர்களுக்கு இது பாலபாடம். தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் குறை. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நின்றால், பந்து போடுவது யார் என்று கேட்காமல் 'என்ன தைரியம்!' என்று சொல்வோமா?

முதலில் ஒரு சின்ன நிலக்கணக்கு. மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பரை விட்டுவிட்டால் பத்துப் பேர், ஆளுக்கு 714 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் ஆளுக்கு மூன்று கிரவுண்டுக்கும் மேல். யாராலும் காவல் காக்க முடியாது. அதனால் எல்லா அணிகளும் ஒன்றாகச் சுருங்குகின்றன. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 30 மீட்டர், பக்கவாட்டில் 45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,350 சதுர மீட்டர். ஆளுக்கு 135. இது சமாளிக்கக்கூடிய அளவு. இந்தச் சின்னப் பெட்டியை 105 மீட்டர் நீளத்தில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. மேலே வைத்தால் முதுகுக்குப் பின்னால் 40, 50 மீட்டர் காலி. கீழே வைத்தால் அதே காலியிடம் முன்னால் வரும், எதிரணி அங்கே நிதானமாகப் பந்தை உருட்டிக்கொண்டிருக்கும். இடம் எங்கேயாவது விட்டுத்தான் ஆகணும். 'ரிஸ்க் இல்லாத' கோடு என்று ஒன்று கிடையாது.

பின்னால் விடுகிற இடத்தை எதிரணி முன்கூட்டியே போய்ப் பிடித்துக்கொள்ள முடியாமல் தடுப்பது ஆஃப்சைடு விதி. அந்த விதி மாறும்போதெல்லாம் கோடும் நகர்ந்திருக்கிறது. 1925 வரை, பந்தை வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருந்தாக வேண்டும். நியூகாஸில் அணியின் பில் மெக்ராக்கன் போன்றவர்கள் இதை வைத்துக் கடை நடத்தினார்கள். ஒருவர் மேலே ஏறிவிடுவார், கூட்டாளி பின்னால் காப்புக்கு நிற்பார், ஆனாலும் எதிராளி ஆஃப்சைடு. 1925இல் மூன்று இரண்டானது. இங்கிலாந்து லீக்கில் ஒரு பருவத்துக்கு 4,700ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்திலேயே 6,373 ஆயின. காப்பாளர் இல்லாமல் மேலே ஏறினால் செத்தோம் என்று புரிந்ததும், ஆர்சனலில் ஹெர்பர்ட் சாப்மன் நடுக்களத்து ஆள் ஒருவரைப் பின்வரிசைக்கு இறக்கினார். வரலாற்றின் அந்தப் பெரிய பின்வாங்கலில் கோழைத்தனம் எதுவும் இல்லை. விதி மாறியது, கணக்கு மாறியது, அவ்ளோதான்.

அறுபது வருடங்களுக்குப் பிறகு அரிகோ சாக்கியின் மிலான் கோட்டை மறுபடி மேலே கொண்டுபோனது. பரேசி கையைத் தூக்கியபடி முன்னேறும் படம்தான் எல்லாருக்கும் நினைவில் இருக்கும். சாக்கி உண்மையில் பிடிவாதமாகக் கேட்டது வேறு. கடைசித் தடுப்பாளருக்கும் முதல் முன்கள வீரருக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கோட்டின் உயரத்தைவிட இந்த இடைவெளிதான் அவருடைய கண்டுபிடிப்பு. ஏனென்றால், 25 மீட்டருக்குள் அணி இருந்தால் பந்து வைத்திருப்பவரின் காலடியில் எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார். 1989 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று உருக்குலைத்தபோது, குல்லிட்டும் வான் பாஸ்டனும் முன்னால் துரத்தியதும் பரேசி பின்னால் கை தூக்கியதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

இந்த இரண்டு முனைகளும் எப்படிச் சேர்கின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வேகமான முன்கள வீரர் ஒருவர் முழு ஓட்டத்தில் நொடிக்கு 8, 9 மீட்டர் போவார். அதே சமயம் பின்வரிசை எதிர்த்திசையில் நொடிக்கு இரண்டு, மூன்று மீட்டர் வேகத்தில் மேலே ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவரையொருவர் கடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். பத்தில் ஒரு நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேல்! இப்போது பாஸ் கொடுக்கப் போகிறவரின் பக்கத்தில் ஒருவர் ஓடி வந்து நிற்கிறார். பந்தைப் பிடுங்கக்கூட வேண்டாம். அவர் இன்னொரு முறை கூடுதலாகப் பந்தைத் தொட வேண்டி வந்தால் போதும். அரை நொடிக்கும் குறைவான தாமதம்தான், ஆனால் அதற்குள் ஓடியவர் மூன்று மீட்டர் ஆஃப்சைடில் போய் நிற்பார். கொடி உயரும், வர்ணனையாளர் பின்வரிசையைப் புகழ்வார். அந்த ஆஃப்சைடை உண்மையில் சம்பாதித்தவர் நடுக்களத்தில் மூச்சு வாங்க ஓடிய ஆள். அவர் பெயர் யார் வாயிலும் வராது.

இதையே திருப்பிப் போடுங்கள். பாஸ் கொடுப்பவர் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் தலையைத் தூக்குகிறார். ஓடுபவர் அவசரப்படத் தேவையில்லை. கோட்டை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணோடு கண் பார்த்த பிறகு கிளம்பலாம். அப்படியொரு நிலையில் உலகத்தின் மிகச்சிறந்த பின்வரிசையாலும் மேலே நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. இத்தாலியப் பயிற்சியாளர்கள் 'மூடிய பந்து', 'திறந்த பந்து' என்று சொல்வார்கள். பந்து மூடியிருந்தால் ஏறு, திறந்திருந்தால் இறங்கு. ஆக, கோட்டின் உயரம் ஒரு ஆட்டத்துக்கு ஒருமுறை கோச் எடுக்கும் முடிவே இல்லை. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் முடிவு.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த சாட்சி 2022 நவம்பர் 22, லூசைல் மைதானம். சவூதி அரேபியா 2, அர்ஜென்டினா 1. ஹெர்வே ரெனாரின் அணி அன்று ஆடிய ஹை லைனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அர்ஜென்டினா அன்று பத்து ஆஃப்சைடு, அதில் ஏழு முதல் பாதியில். மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் போட்ட பிறகு, பந்து இன்னும் மூன்று முறை வலைக்குள் போனது. மெஸ்ஸி ஒருமுறை, லௌத்தாரோ மார்ட்டினெஸ் இருமுறை. மூன்றுமே ஆஃப்சைடு. லௌத்தாரோவின் முதல் கோல் வீடியோவில் அளந்து பார்த்து ரத்து செய்யப்பட்டது.

அந்த முதல் பாதியை மேதைமை என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மூன்று முறை முழுசாக உடைக்கப்பட்ட ஒரு வரிசை, மூன்று முறையும் மயிரிழையில் தப்பியது. பந்து பெரும்பாலும் திறந்தே இருந்தது. அர்ஜென்டினாவின் நடுக்களத்துக்குப் பார்க்கவும் கொடுக்கவும் நேரம் இருந்தது, ஓடியவர்கள்தான் முந்திக்கொண்டார்கள். ரெனாருக்கும் இது தெரிந்திருந்தது. பிறகு வெளியான இடைவேளை வீடியோவை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். மனுஷன் கத்துகிறார். எதைப் பற்றி? பின்வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெஸ்ஸி நடுவில் பந்தோடு நிற்கும்போது கிட்டப் போகாமல் வேடிக்கை பார்க்கிறீர்களே, இதுதான் பிரெஸ் செய்யும் லட்சணமா, வேண்டுமானால் போனை எடுத்து அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஒரு வசவு. ஹை லைன் ஆடிய கோச், தன் ஹை லைனைக் காப்பாற்ற முன்னால் இருப்பவர்களைத் திட்டினார். இதைவிடத் தெளிவாக யாரும் இந்தப் பாடத்தை எடுக்க முடியாது.

இரண்டாம் பாதியில் 48ஆவது நிமிடம் அல்-ஷெஹ்ரி, 53ஆவது நிமிடம் அல்-தவ்சாரி. அதற்கப்புறம் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். முன்னிலை கிடைத்ததும் சவூதி படிப்படியாகக் கீழே இறங்கியது. மீதி நேரம் முழுக்கப் பெனால்டி பாக்ஸைச் சுற்றித்தான் போராட்டம், கோல்கீப்பர் அல்-ஒவைஸ் கடைசி வரை பறந்துகொண்டிருந்தார். 'ஹை லைன் வென்ற ஆட்டம்' என்று பெயர் வாங்கிய அந்த ஆட்டத்தில், கோடு மேலே நின்ற பாதியில் ஸ்கோர் 0-1. முன்னிலையைக் காப்பாற்றியது கீழே இறங்கிய கோடு. இதனால் ஹை லைன் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. முதல் பாதியில் அர்ஜென்டினாவுக்குக் கோல் மறுக்கப்பட்டதும், எரிச்சலில் அவர்கள் தாளம் தப்பியதும் உண்மை. ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டிவிட்டோம் என்றுதான் சொல்கிறேன்.

ஹான்ஸி ஃப்ளிக்கின் பார்சிலோனாவுக்கு வருவோம். 2024 அக்டோபர் 26, பெர்னபேயு. ரியல் மாட்ரிட் 0, பார்சிலோனா 4. மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடு, அதில் எம்பாப்பே மட்டும் எட்டு முறை. குபார்சியும் இன்யிகோ மார்ட்டினெஸும் ஒரே கயிற்றில் கட்டியது போல ஏறி இறங்கினார்கள். அந்தப் பருவத்திலிருந்துதான் ஸ்பானிய லீக்கில் அரைத் தானியங்கி ஆஃப்சைடு வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைன்ஸ்மேனின் கண் தவறும் என்ற பயம் போய்விட்டால், முழங்கால் அளவுக்குக் கோட்டை அளந்து நிற்கலாம். ஆனால் அன்று அதைவிட முக்கியம் ரஃபின்யாவும் மற்றவர்களும் முன்னால் ஓடிய ஓட்டம். எம்பாப்பே எட்டு முறையும் முட்டாள்தனமாக ஓடினார் என்று கேலி செய்தார்கள், பாவம். அவர் ஓடியது சரியான நேரத்தில்தான், பந்து கிளம்பியதுதான் தாமதம். அன்றைய முதல் கோல் எப்படி வந்தது என்பதும் வேடிக்கை. கசாடோவின் பாஸ், மாட்ரிட்டின் பின்வரிசையில் மெண்டி ஓர் அடி பின்தங்கி நின்றதில் லெவண்டோவ்ஸ்கி ஆஃப்சைடு ஆகவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 அக்டோபர் 26. அதே மைதானம், அதே கோச்சின் அணி, அதே எம்பாப்பே. இந்த முறை மாட்ரிட் 2-1. தொடக்கத்தில் எம்பாப்பேயின் ஒரு கோல் ஆஃப்சைடு என்று ரத்தானது, பழைய கதை திரும்புகிறதோ என்று தோன்றியது. பிறகு பெல்லிங்ஹாம் நடுவிலிருந்து ஒரு பந்தை நீட்டினார், எம்பாப்பே உள்ளே போய் முடித்தார். இடைப்பட்ட வருடத்தில் என்ன மாறியது? இன்யிகோ மார்ட்டினெஸ் சவூதிக்குப் போய்விட்டார் என்பதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அது சரிதான், கோட்டை ஏற்றி இறக்கிய குரல் அவருடையது. ஆனால் அன்று ரஃபின்யாவும் காயத்தால் ஆடவில்லை. என் கண்ணுக்கு இரண்டாவது இழப்புதான் பெரியது. கோடு அதே உயரத்தில் நின்றது, அதற்கு முன்னால் பந்து திறந்துகொண்டது.

இரண்டு எல் கிளாசிகோக்களுக்கும் நடுவே இன்டர் மிலானோடு ஆடிய அரையிறுதி இருக்கிறது. 3-3, பிறகு கூடுதல் நேரத்தில் 4-3. பார்சிலோனா ஏழு கோல் வாங்கி வெளியேறியது. மறுநாள் எங்கு பார்த்தாலும் 'ஹை லைனுக்குக் கிடைத்த தண்டனை' என்ற தலைப்புதான். ஏழையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் டம்ஃப்ரீஸ் போட்ட இரண்டும் கார்னரில் வந்தவை. இரண்டாவது ஆட்டத்தில் சல்ஹனோகுலு போட்டது பெனால்டி. ஆட்டம் முடியும் தறுவாயில், 93ஆவது நிமிடத்தில், அச்செர்பி போட்டபோது பார்சிலோனாவின் ஆட்கள் தங்கள் பாக்ஸுக்குள் இருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்த இடத்தைப் பயன்படுத்தி வந்தது என்று மனசாரச் சொல்லக்கூடியது லௌத்தாரோவின் கோல். அதுகூட, டிமார்கோ மேலேயே பந்தைப் பறித்து டம்ஃப்ரீஸை ஓடவிட்டதில் பிறந்தது. பார்சிலோனாவின் உண்மையான நோய் செட் பீஸ்களும், முன்னிலையில் இருக்கும்போது பந்தைத் தக்கவைக்கத் தெரியாததும். அதோடு, முதல் ஆட்டத்தில் 3-3 என்று இருந்தபோது மிகித்தரியான் போட்ட கோல் கால்நுனி அளவு ஆஃப்சைடில் ரத்தானது. கோட்டின் பற்றுக் கணக்கை எழுதுபவர்கள் அந்த வரவையும் எழுத வேண்டாமா?

ஏன் இப்படி எப்போதும் பின்வரிசை மீதே பழி விழுகிறது? கேமரா ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நேரலையில் கேமரா பந்தைப் பின்தொடரும். நான்கு பேர் ஒழுங்காக ஏறி இறங்கும் 85 நிமிடங்கள் திரைக்கு வெளியே நடக்கும். அவர்கள் திரைக்குள் வருவதே முதுகைக் காட்டி ஓடும்போதுதான். ரீப்ளேயும் பெரும்பாலும் பாஸ் காலை விட்டுக் கிளம்பும் நொடியில் தொடங்கும். அதற்கு இரண்டு நொடி முன்னால் நடுக்களத்தில் யார் ஓடாமல் நின்றார் என்பது அதில் இருக்காது. அப்புறம், இப்போதெல்லாம் வீடியோ நடுவருக்காக லைன்ஸ்மேன் கொடியைத் தாமதமாகத்தான் தூக்குகிறார். ஆஃப்சைடே ஆனாலும் முன்கள வீரர் முழு மைதானமும் ஓடி கோல் அடித்து முடிக்கும் வரை நாம் பார்க்கிறோம். ஒழுங்காக வேலை செய்த பொறிகூட, பார்க்கிறவர் மனதில் ஒரு ஓட்டையாகப் பதிகிறது.

இதுவரை மேலே நிற்கும் கோட்டுக்கு வக்காலத்து வாங்குவது போலத் தோன்றியிருக்கலாம். கீழே நிற்பதற்கும் ஒரு வார்த்தை. அதற்கு 2011-12 செல்சியைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஏன்னா ஒரே பருவம், கிட்டத்தட்ட அதே ஆட்கள், இரண்டு கோடுகள்.

போர்ட்டோவிலிருந்து வந்த ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் ஜான் டெர்ரியின் வரிசையை மேலே ஏற்றினார். 2011 அக்டோபர் 29, ஆர்சனல் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் வந்து 5-3 என்று அடித்துவிட்டுப் போனது. டெர்ரி தன் பாதியில் சறுக்கி விழ, வான் பெர்ஸி பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடிய காட்சி அந்தப் பருவத்தின் போஸ்டராகிவிட்டது. மெதுவான தடுப்பாளர்களை வைத்துக்கொண்டு ஹை லைனா என்றார்கள். வேகம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் லாம்பார்டும் ட்ரோக்பாவும் முப்பதைத் தாண்டியிருந்தார்கள். முன்னால் துரத்துவதற்கான கால்களும் அந்த அணியில் குறைவு. கோட்டை மட்டும் போர்ட்டோவிலிருந்து கொண்டுவந்தார், அதைத் தாங்கிய ஓட்டத்தைக் கொண்டுவர முடியவில்லை.

மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டு டி மத்தேயோவை உட்காரவைத்தார்கள். கோடு இறங்கியது. ஏப்ரலில் கேம்ப் நோவில் டெர்ரி சிவப்பு அட்டை வாங்கிய பிறகும் பத்துப் பேரோடு 2-2. மே 19, மியூனிக்கில் பேயர்ன் கார்னர் எடுத்தது 20 முறை, செல்சி ஒரே ஒரு முறை. அந்த ஒன்றிலிருந்துதான் ட்ரோக்பா தலையால் சமன் செய்தார். சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்துவிட்டது. இதை வைத்து 'கீழே நிற்பதே பாதுகாப்பு' என்று முடிவு கட்டினால் அது ஸ்கோரைப் பார்த்து ஒட்டும் இன்னொரு லேபிள். பார்சிலோனாவில் மெஸ்ஸியின் பெனால்டி குறுக்குக் கம்பியில் பட்டது. மியூனிக்கில் கூடுதல் நேரத்தில் ராபனின் பெனால்டியை செக் பிடித்தார். இருபது கார்னரில் ஒன்றாவது உள்ளே போகும் என்றுதான் எந்தக் கணக்குப் பிள்ளையும் சொல்வார். கீழே இறங்கினால் முதுகு பத்திரம். பதிலுக்கு ஷாட், கிராஸ், கார்னர், கோல்கீப்பரின் கை, கம்பியின் தடிமன் எல்லாவற்றிடமும் கடன் வாங்க வேண்டும்.

வில்லாஸ்-போவாஸ் அங்கிருந்து நேராக டாட்டன்ஹாம் போனார். கோட்டைத் தாண்டி வரும் பந்தைப் பாய்ந்து வந்து எடுக்க லொரிஸ் என்ற கோல்கீப்பரும் கிடைத்தார். முதல் பருவத்தில் 72 புள்ளிகள், மோசமில்லை. அடுத்த பருவத்தில் பேல் இல்லை, சிட்டியிடம் 0-6, லிவர்பூலிடம் 0-5, மறுநாள் வேலை போனது.

பத்து வருடம் கழித்து அதே டாட்டன்ஹாமில் ஆஞ்சே போஸ்டகோக்லு. 2023 நவம்பர் 6, எதிரே செல்சி. 33ஆவது நிமிடத்தில் ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை. முதல் பாதியிலேயே வான் டி வென், மேடிசன் இருவரும் காயம். 55ஆவது நிமிடத்தில் உடோஜியும் வெளியே. ஒன்பது பேர், ஸ்கோர் 1-1, பின்வரிசை மையக்கோட்டுக்குப் பக்கத்தில். இந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 1-4 என்று தோற்ற பிறகும் அரங்கம் எழுந்து கைதட்டியது. ஐந்து பேர் மிஞ்சினாலும் இப்படித்தான் ஆடுவோம் என்கிற பாணியில் போஸ்டகோக்லு பேசினார். அந்தக் கைதட்டல்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுதவைக்கிறது.

பத்துப் பேர் இருந்தவரை அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இருந்தது. ஒன்பது ஆன பிறகு முன்னால் துரத்த ஆள் இல்லை. செல்சியின் நடுக்களத்தில் யார் வேண்டுமானாலும் நின்று, தலையைத் தூக்கி, டீ குடித்துவிட்டுப் பாஸ் கொடுக்கலாம். முழுக்கத் திறந்த பந்து. அதற்கு முன்னால் மேலே நின்ற அந்த வரிசை ஏறக்குறைய 20 நிமிடம் தாக்குப்பிடித்ததற்கு இரண்டு காரணம். விகாரியோ என்ற கோல்கீப்பர் கிட்டத்தட்ட ஒரு தடுப்பாளராக வெளியே வந்து ஆடினார். செல்சி வீரர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் போல முந்தி முந்தி ஓடினார்கள். 75ஆவது நிமிடத்தில் ஸ்டெர்லிங் ஒருமுறை பொறுத்திருந்து ஓடி, பந்தைக் குறுக்கே தள்ள, ஜாக்சன் தட்டிவிட்டார். செல்சியின் சொதப்பலை டாட்டன்ஹாமின் வீரமாக வரவு வைத்துவிட்டோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்க முடியாது. 1-2 என்று இருந்தபோது பென்டன்கூர் தலையால் முட்டிய ஒரு வாய்ப்பு வெளியே போனது. கூடுதல் நேரத்தில் சோனின் ஷாட்டை சான்செஸ் தடுத்தார். ஒன்பது பேரும் பாக்ஸுக்குள் சுருண்டிருந்தால் இந்த இரண்டும் வந்தே இருக்காது. சமன் செய்ய வேண்டிய கட்டாயத்தில் இருந்த கடைசி கால் மணி நேரத்துக்கு அந்த உயரம் நியாயம்தான். ஆனால் 55 முதல் 75 வரை ஸ்கோர் 1-1. அப்போது காப்பாற்ற ஒரு புள்ளி கையில் இருந்தது. அந்த 20 நிமிடத்துக்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. கொள்கை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதே போஸ்டகோக்லுவின் டாட்டன்ஹாம் 2025 மே 21 அன்று பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சந்தித்தது. லீக்கில் 17ஆவது இடம், ஊரே சிரித்துக்கொண்டிருந்த பருவம். 42ஆவது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் ஒரு கோல். அதன்பின் கோடு கீழே, இன்னும் கீழே. ஏறக்குறைய முக்கால்வாசி நேரம் பந்து யுனைடெட்டிடம். 17 வருடத்துக்குப் பிறகு டாட்டன்ஹாமுக்கு ஒரு கோப்பை. இரண்டாம் பாதியில் ஹொய்லுன் தலையால் முட்டிய பந்து காலியான வலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, கோல் கோட்டுக்கு முன்னால் உடம்பை அந்தரத்தில் திருப்பி, காலை வீசி அதை வெளியே எடுத்தவர் வான் டி வென். மையக்கோட்டிலிருந்து திரும்பி ஓடி எதிராளியைப் பிடிக்கக்கூடிய வேகம் உள்ள தடுப்பாளர் என்று பெயரெடுத்தவர். அன்று அவர் காவல் காத்தது கடைசி ஒரு மீட்டரை.